பாக்கெட்டில் ஒரு மடக்குக்கத்தி: வேலையிடத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தில் பார்சல் பிரிப்பதை ஒருநாள் நின்று பாருங்கள். ஒருவர் வண்டிச் சாவியால் டேப்பைக் கீறுவார். இன்னொருவர் பேனா முனையால் குத்திப் பேனாவைக் கெடுத்துக்கொள்வார். கடைசியில் யாராவது பல்லைக் கொண்டுபோவார். ஒரு சின்ன மடக்குக்கத்தி இருந்தால் பத்து நொடி வேலை.

நான் பல வருடங்களாக ஒன்றைக் கூடவே வைத்திருக்கிறேன். முதலில் மேசை வேலை, அப்புறம் சரக்கு வந்திறங்கும் குடோன். இரண்டு இடத்திலும் கத்தியால் எனக்கு வந்த சிக்கல்களை எண்ணிப் பார்த்தால், கை வெட்டுப்பட்டது குறைவு. அதைப் பார்த்த ஆள் மிரண்டதால் வந்த சிக்கல்தான் அதிகம். அதனால் எந்தக் கத்தி வாங்குவது என்பதோடு, அதை அடுத்தவர் கண்முன் எப்படி எடுப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள்: இன்று எதை வெட்ட வேண்டியிருந்தது, கையில் கிடைத்த எதை வைத்துச் சமாளித்தீர்கள். டேப், நூல், உறை, மருந்துப் பட்டை என்று மட்டும் பட்டியல் வந்தால் உங்களுக்குத் தேவை விரல் நீளக் கத்தியும் ஒரு கத்தரிக்கோலும். சாவிக்கொத்தில் தொங்கும் வகையே போதும்.

கேபிள் டை, கயிறு, ரப்பர் ஹோஸ், தரைவிரிப்பு என்று வந்தால் கொஞ்சம் கனமானது வேண்டும். நாள் முழுக்க அட்டைப் பெட்டிதான் என்றால் மடக்குக்கத்தியை மறந்துவிடுங்கள். அட்டை கத்தியின் கூர்மையைத் தின்னும். பிளேடு மாற்றும் கட்டர்தான் அதற்குச் சரி. ஜப்பானில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா 1956-இல் உடைத்து எறியும் பிளேடு கொண்ட கட்டரை உருவாக்கியது இப்படி ஒரு தேவைக்காகத்தான்: நாள் முழுக்கக் காகிதம் வெட்டி முனை மழுங்கினால், அந்த நுனியை மட்டும் முறித்துவிட்டுப் புதிய முனையோடு தொடரலாம். சாக்லேட் கட்டிகளில் இருக்கும் கோடுகளிலிருந்து அந்த யோசனை வந்தது. அந்தக் கட்டரின் ஓல்ஃபா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் 'பிளேடை முறி' என்ற பொருளில் பிறந்ததுதான்.

கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்

நிறையப் பேர் தாண்டிப் போகிற கட்டம் இது. 'இத்துனூண்டு கத்திக்கு யாரிடம் கேட்பது' என்று நினைப்பு. பல நிறுவனங்களின் பணியாளர் விதிகளில் 'ஆயுதம்' என்ற தலைப்புக்குக் கீழே கத்தியும் ஒரு வரியில் இருக்கும். அளவு குறிப்பிட்டிருக்கும், அல்லது எதுவுமே இல்லாமல் மொத்தமாகத் தடை என்றிருக்கும். அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் மேலாளரிடமோ பாதுகாப்பு அதிகாரியிடமோ கேளுங்கள். கேட்கும்போது கத்தியைக் காட்டாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். 'தினமும் இருபது பார்சல் பிரிக்கிறேன், ஐந்து செ.மீ. மடக்குக்கத்தி வைத்துக்கொள்ளலாமா' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக 'அதெல்லாம் பரவாயில்லப்பா' என்றவர் அடுத்த மாதம் வேறு துறைக்குப் போயிருப்பார்.

சில இடங்களில் கேட்கவே தேவையில்லை, கொண்டுபோகக் கூடாது அவ்வளவுதான்: பள்ளிகள், நீதிமன்றங்கள், சிறைகள், விமான நிலையத்தின் உட்பகுதி. உணவுத் தொழிற்சாலைகளிலும் சொந்தக் கத்தி பெரும்பாலும் உள்ளே போகாது. அங்கே ஒவ்வொரு கத்திக்கும் எண் போட்டு, ஷிப்ட் முடிந்ததும் எண்ணி வாங்குவார்கள். உடைந்த பிளேடு நுனி பொருளுக்குள் போய்விடக் கூடாதே.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில், வெட்டும் பகுதி 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாத, பூட்டு (விரித்த பிளேடு மடங்காமல் பிடிக்கும் அமைப்பு) இல்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். அதே அளவில் பூட்டு உள்ளது என்றால் தக்க காரணம் காட்ட வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 'வேலைக்காக' என்பதை அப்படிப்பட்ட காரணங்களில் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் வேலைக்கு என்று வாங்கிய கத்தி ஞாயிற்றுக்கிழமை இரவு பாக்கெட்டில் கிடந்தால் அந்தக் காரணம் நிற்காது. இந்திய ஆயுத விதிகளோ 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள பிளேடுகளை ஆயுதப் பட்டியலில் வைத்து, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கு என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு தருகின்றன. பட்டனை அழுத்தினால் தானாகப் பாய்ந்து விரிகிற கத்தி பல நாடுகளில் தடை. வேலையிடத்தில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஆசைப்பட்டு வாங்க வேண்டாம்.

எந்தக் கத்தி

பிளேடின் நீளம் 4-லிருந்து 7 செ.மீ. வரை இருந்தால் வேலையிடத்தில் வருகிற எதையும் வெட்டிவிடலாம். நான் 9 செ.மீ. பிளேடு ஒன்றை ஆசையாக வாங்கி, இரண்டு மாதத்தில் டிராயரில் போட்டுவிட்டேன். அது வெட்டியதைச் சின்னதும் வெட்டியது. பெரியதை விரித்தபோதெல்லாம் பக்கத்து மேசையில் பேச்சு நின்றது, அதுதான் வித்தியாசம்.

அடுத்தது பூட்டு. நேரம் எடுத்து யோசிக்க வேண்டியது இதைத்தான்.

பூட்டில்லாத மடக்குக்கத்தியில் பிளேடை விரித்து நிறுத்துவது முதுகுப்பக்கம் இருக்கும் ஒரு வில் மட்டுமே. சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் சின்னக் கத்திகள் இப்படிப்பட்டவை. இழுத்து வெட்டும்வரை ஒரு குறையும் இல்லை. குத்தினால்தான் ஆபத்து. ஒருமுறை தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் ஒயர் நுழைய ஓட்டை போட வேண்டியிருந்தது. பெட்டியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கத்தியின் முனையை ஊன்றி அழுத்தினேன். முனை நகரவில்லை. பிளேடின் முதுகில் அழுத்தம் ஏறி, 'டக்' என்று ஒரு சத்தம், பிளேடு பிடியை நோக்கி மடங்கியது. நடுவில் என் ஆள்காட்டி விரல். முதலில் வலியே தெரியவில்லை; பெட்டியின் வெள்ளை மூடியில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்த பிறகுதான் விரலைப் பார்த்தேன். மூன்று தையல். பூட்டில்லாத கத்தியால் எதையும் குத்தக் கூடாது, துளைக்கக் கூடாது என்ற ஒற்றை விதியை அன்று கற்றுக்கொண்டேன்.

பூட்டுள்ளவற்றில் மூன்று வகை அதிகம் கண்ணில் படும். முதுகில் அழுத்தும் பேக் லாக்: உறுதியானது, ஒற்றைக் கையால் மூடுவது கஷ்டம், அது நல்லதும்கூட. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பிளேடின் அடியில் வந்து முட்டும் லைனர் லாக்: வசதியானது, ஆனால் மூடும்போது கட்டைவிரல் பிளேடின் பாதையிலேயே இருக்கும். மூன்றாவது, பிரான்சின் ஒபினெல் கத்தியில் இருப்பதுபோல் கழுத்தில் திருகும் வளையம். 1890-இலிருந்து வருகிற மரப்பிடிக் கத்தி அது. வளையத்தை 1955-இல்தான் சேர்த்தார்கள். விரித்து, வளையத்தைத் திருகினால் பிளேடு அசையாது. பார்க்கவும் சாதுவான பொருள், பழம் நறுக்க எடுத்தது போலத்தான் இருக்கும். இந்த 'சாதுவாகத் தெரிவது' வேலையிடத்தில் ஒரு தகுதியே. கறுப்பு பிளேடு, பல்வரிசை, துளைகள், மண்டையோட்டுப் படம் எல்லாம் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், மரம் என்று பிடி இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கீழே விழுந்தால் கண்டுபிடிப்பதும் எளிது.

முனையையும் பாருங்கள். ஊசி முனையைவிட, கீழ்நோக்கி வளைந்து இறங்கும் தட்டை முனை பெட்டி பிரிக்க நல்லது. உள்ளிருக்கும் பொருளைக் குத்தாது.

எஃகு பற்றி ஆர்வலர்கள் நாள்கணக்கில் சண்டை போடுவார்கள். வேலைக்குத் தேவையானது இவ்வளவுதான்: துருப்பிடிக்காத, மிதமான கடினம் உள்ள எஃகு. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 55–56 இருக்கும் விக்டோரினாக்ஸ் எஃகு சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். 60-ஐத் தொடும் எஃகு நெடுநாள் கூர் நிற்கும். மழுங்கினால் தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும். முதல் கத்திக்கு மென்மையானதே சரி.

வெட்டுவதைவிடத் திருகுவதும் பிடிப்பதும்தான் அதிகம் என்றால், கத்தி, இடுக்கி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சேர்ந்த மல்டிடூல் வாங்குங்கள். இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆன பட்டறையை 1884-இல் தொடங்கிய கார்ல் எல்ஸ்னர் 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த கத்தியில் பிளேடோடு துளைப்பானும், டின் திறப்பானும், ஸ்க்ரூடிரைவரும் இருந்தன. துப்பாக்கியைக் கழற்றவும் டின் உணவைத் திறக்கவும் சிப்பாய்க்கு வேண்டியிருந்தவை அவை.

எங்கே வைப்பது

பேன்ட் பாக்கெட்டின் அடியில், மடக்கிய நிலையில், சாவி, சில்லறையோடு சேராமல். வேறு பொருள் இடித்து பிளேடு லேசாக விரிந்தால், அடுத்து கைவிடும்போது விரல்தான் போகும். வெளியே தெரியும் கிளிப் வசதிதான். ஆனால் வாடிக்கையாளர் வந்துபோகும் இடத்தில் அந்தக் கிளிப்பே ஒரு கேள்வியை எழுப்பும். அங்கே பென்சில் பவுச்சிலோ பூட்டுள்ள டிராயரிலோ வையுங்கள். கழுத்தில் தொங்கவிடாதீர்கள், இயந்திரத்தில் மாட்டும். பிளேடு விரித்த கத்தியை மேசைமேல் காகிதங்களுக்கு நடுவே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். எழுந்தால் மடக்கிவிட்டு எழுங்கள்.

எடுப்பது, விரிப்பது, மூடுவது

கத்தியை எடுப்பதற்கு முன் வேலையை எடுங்கள். பெட்டியைக் கையில் வாங்கி மேசைமேல் வைத்து, 'இதப் பிரிச்சிடறேன்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் பாக்கெட்டில் கைவிடுங்கள். பார்க்கிறவர் கண்ணில் முதலில் பெட்டிதான் படும், கத்தி அதற்குப் பின்னால் வரும். வரிசை மாறினால் அதே கத்தி, அதே ஆள், ஆனால் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். ஒருமுறை பேசிக்கொண்டே சும்மா விரித்து மூடிக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற புதுப் பையன் இரண்டடி பின்னால் போனதை அவன் போன பிறகுதான் உணர்ந்தேன். விரித்து மூடி விளையாடுவதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கையால் சுழற்றி விரிக்கத் தெரிந்தாலும், அலுவலகத்தில் இரண்டு கையால் விரியுங்கள்.

யாரோடாவது வாக்குவாதம் நடக்கும்போது கத்தியைத் தொடவே வேண்டாம். கையில் இருந்தால் மடக்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

லைனர் லாக் மூடும்போது: கூர்ப்பக்கத்தில் எந்த விரலும் இல்லாதபடி பிடியின் பக்கவாட்டில் பிடியுங்கள். கட்டைவிரலால் தகட்டைத் தள்ளி, மற்றொரு கையால் பிளேடை முதுகில் தொட்டுச் சற்று மடக்குங்கள். தகடு விட்டுக்கொடுத்ததும் நிறுத்தி, கட்டைவிரலை எடுத்துவிட்டு, பிறகு முழுதாக மடக்குங்கள். நடுவில் அந்த நிறுத்தம் இருக்க வேண்டும். காலில் அழுத்தி மூடாதீர்கள்.

வெட்டும்போது

கையை நீட்டி, பிளேடோடு சேர்த்து ஒரு வட்டம் கற்பனை செய்யுங்கள். அதற்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது. உங்கள் சொந்தக் கையும் பிளேடு போகும் வழியில் இருக்கக் கூடாது. வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள், அந்த இடம் காலியாக இருக்கட்டும். மடியில் வைத்து எதையும் வெட்டக் கூடாது. தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

டேப் வெட்டும்போது அட்டையை வெட்ட வேண்டியதில்லை. பெட்டியின் இரண்டு மூடிகள் சேரும் நடுக்கோட்டில் டேப்புக்கு அடியில் இடைவெளி இருக்கும். பிளேடைப் படுத்தினாற்போல் சாய்த்து, நுனி 3–4 மி.மீ. மட்டும் உள்ளே போகும்படி, மெதுவாக இழுங்கள். சத்தம் சொல்லும்: டேப் கிழிந்தால் 'சர்ர்' என்று மெல்லியதாக வரும், அட்டையில் இறங்கினால் கரகரக்கும். கரகரத்தால் கையைத் தளர்த்துங்கள். பெட்டிக்குள் துணி இருக்கலாம், ஒயர் இருக்கலாம். மேல்மடிப்பில் வைத்த விலைச்சீட்டைப் பெட்டியோடு சேர்த்து வெட்டி, திருப்பி அனுப்ப முடியாமல் மாட்டிக்கொண்ட ஆள் நான்.

கேபிள் டை வெட்டுவது தனி வித்தை. அதை வெளியிலிருந்து கீழ்நோக்கி அறுத்தால் அடியில் இருக்கும் ஒயரும் சேர்ந்து அறும். பிளேடின் முதுகு ஒயர் பக்கம், கூர் வெளிப்பக்கம் பார்க்கும்படி டைக்கு அடியில் நுழையுங்கள். பிறகு இழுக்காமல் பிளேடைச் சற்றே திருப்புங்கள், டை தானே அறுந்து விழும். மின்சாரம் ஓடுகிற ஒயர் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் கட்டிங் பிளேயர் இருந்தால் அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

கயிறை நீட்டிப் பிடித்து, பிளேடின் அடிப்பாகத்திலிருந்து முனை வரை இழுத்து வெட்டுங்கள். அழுத்தி நசுக்கினால் வெட்டாது.

ஸ்க்ரூ திருகாதீர்கள், பெயின்ட் டப்பா மூடியை நெம்பாதீர்கள். பக்கவாட்டில் திருகினால் கத்தி முனை ஒடியும், ஒடிந்த துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. நாள் முழுக்க வெட்டுகிற வேலை என்றால் வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 388 குறி இருக்கும். வெட்டுத் தாங்கும் அளவை அதிலேயே குறித்திருப்பார்கள்.

'அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்களேன்'

வாரத்துக்கு மூன்று முறை இந்தக் குரல் வரும். என் வழக்கம்: 'எதை வெட்டணும், கொண்டாங்க' என்று நானே வெட்டிக் கொடுப்பது. இரவல் போன கத்தி பெயின்ட் ஒட்டி, முனை வளைந்துதான் திரும்பும். அதைவிடப் பெரிய கவலை, பூட்டுக்குப் பழகாத விரல். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மடக்கிக் கொடுங்கள். மடக்க முடியாத கத்தி என்றால் மேசைமேல் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

பராமரிப்பு

பாக்கெட் பஞ்சும் டேப் பசையும்தான் முக்கிய எதிரிகள். பசைக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் முதுகிலிருந்து கூர்ப்பக்கம் நோக்கித் துடையுங்கள். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரித்து மூடிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிளேடு சுழலும் ஆணி இருக்கும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இரண்டாவது சொட்டு தூசியைத்தான் பிடிக்கும்.

மழுங்கிய கத்தி அதிக அழுத்தம் கேட்கும், அழுத்தம் கொடுக்கும்போதுதான் வழுக்கும். தீட்ட 1000 எண் (சொரசொரப்பின் அளவு) கல் ஒன்று போதும். கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. அளவுகோல் தேட வேண்டாம்: முதுகிலிருந்து கூர் வரை 15 மி.மீ. அகலம் உள்ள பிளேடை, கல்லிலிருந்து முதுகு 5 மி.மீ. உயரும்படி தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி வரும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்க விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழும். முழு நீளத்துக்கும் பிசிறு வந்ததும் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் பழைய பெல்ட்டின் உட்பக்கத்தில், கூர் பின்னால் வரும்படி பத்து முறை இழுத்தால் பிசிறு உதிரும். காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை வைத்து, கையை உயர்த்தி, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள். ரத்தம் நின்றதும் ஓடும் தண்ணீரில் கழுவிக் கட்டுங்கள். அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, விரல் மடங்கவில்லை, நுனி மரத்திருக்கிறது, காயத்தின் வாய் பிளந்திருக்கிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் சொல்லுங்கள். அழுக்குக் கத்தி என்றால் 5 வருடம்தான் கணக்கு. விபத்துப் பதிவேட்டிலும் எழுதிவையுங்கள். நான் எழுதாமல் விட்டு, தையல் செலவை யார் தருவது என்று பிறகு இழுபட்டேன்.

பயணம்

வேலை நிமித்தம் விமானம் ஏறுகிறவர்கள் ஒருமுறையாவது கத்தியைப் பறிகொடுத்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதி 6 செ.மீ. வரையிலான பிளேடைக் கைப்பையில் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் அதே அளவை அனுமதிக்க 2013-இல் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். திரும்பி வரும் விமானத்தில் விதி வேறாக இருக்கும் என்பதால் 6 செ.மீ. கணக்கெல்லாம் பார்க்காமல் கத்தியைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பை மட்டும்தான் என்றால் வீட்டில் வையுங்கள். பிளேடே இல்லாமல் கத்தரிக்கோலும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் உள்ள சாவிக்கொத்துக் கருவிகளும் கிடைக்கின்றன, விக்டோரினாக்ஸின் ஜெட்செட்டர் அப்படி ஒன்று. அதற்கும் சோதனையில் ஒரு கேள்வி வரலாம், ஆனால் பொதுவாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சோதனை வரிசையில் நின்றுகொண்டு பாக்கெட்டைத் தடவுவதில் பயனில்லை. முந்தின இரவு பையை அடுக்கும்போதே பேன்ட், ஜாக்கெட், லேப்டாப் பையின் சின்ன அறை மூன்றையும் தடவிப் பாருங்கள். என்னுடையது ஒவ்வொரு முறையும் அந்த லேப்டாப் பை அறையில்தான் இருக்கும்.